காவலூரின் பெருங்கண்

உரைநடை

நுழையும்முன்

இரவு வானம் எல்லார்க்கும் பொதுவான ஒரு நூல். அதனைப் படிக்கக் கூரிய கருவி வேண்டும், இருள் வேண்டும், பொறுமை வேண்டும். இவை மூன்றும் வாய்த்தவர்க்கும் இன்னொன்று வேண்டும்: கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மை. தமிழ்நாட்டு மலையொன்றில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தொலைநோக்கியின் வரலாறு இதனைக் கற்பிக்கிறது.

விளக்குகள் அணைந்தபின்

மைசூரில் வாழும் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையின் அழகைச் சொல்ல வேண்டியதில்லை. அரண்மனையின் ஏறத்தாழ ஓர் இலட்சம் விளக்குகள் ஒரே நொடியில் ஒளிர்கின்றன. கூடியிருக்கும் மக்களிடமிருந்து ஒரு வியப்பொலி எழுகிறது. சிறிது நேரத்தில் அவ்விளக்குகள் அணைகின்றன, கூட்டம் கலைகிறது.

பணி மாறுதலால் இவ்வூருக்கு வந்த முதல் மாதத்தில் நானும் அக்கூட்டத்தில் நின்றேன். விளக்குகள் அணைந்தபின் தலையை உயர்த்திப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து ஒரு விண்மீன் தெரிந்தது, பிறகு மூன்று, பிறகு பத்து. அவை அப்போது தோன்றியவை அல்ல. விளக்குகள் எரிந்தபோதும் அவை அங்கேதான் இருந்தன. என் கண்களே அவற்றைக் காண இயலாதிருந்தன.

இருளுக்குப் பழகும்போது நம் கண்மணியின் துளை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரிகிறது. கண்ணின் விழித்திரையும் மெல்ல மெல்லக் கூர்மை பெறுகிறது. இதற்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகலாம். இடையில் ஒரு கைப்பேசியின் வெளிச்சம் பட்டாலும் அதுவரை பெற்ற பழக்கம் கெட்டுவிடும். ஆகவே விண்ணைக் காண்போர்க்கு முதல் தேவை இருள். இரண்டாம் தேவை காத்திருத்தல்.

ஒரே வானம்

தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலையின்மீது காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. மைசூருக்கும் காவலூருக்கும் வானத்தளவில் ஓர் உறவு உண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில் அமைந்துள்ளன. மைசூர் வடக்கே 12 பாகைக்குச் சற்று மேல்; காவலூர் 12 அரைப் பாகைக்குச் சற்று மேல். எனவே மைசூரில் தெரியும் விண்மீன்களே காவலூரிலும் தெரியும். துருவ விண்மீன் இரண்டு ஊர்களிலும் வடக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே ஒரே உயரத்தில் நிற்கும். காவலூர் கிழக்கே இருப்பதால் ஒரு விண்மீன் அங்கே ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாக எழும், அவ்வளவே வேறுபாடு.

வானம் ஒன்றாயினும் இருள் ஒன்றன்று. காவலூரைச் சுற்றிக் காடு. நகர வெளிச்சம் தொலைவில். அதனாலேயே அங்கே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் அமைந்தது. அங்குள்ள தொலைநோக்கிகளின் கதையோ சென்னையில் ஒரு கற்றூணிலிருந்து தொடங்குகிறது.

கற்றூணும் ஒரு தமிழ்நாட்டு வானியலாளரும்

பழந்தமிழர் விண்மீன்களை நாண்மீன் என்றும், கோள்களைக் கோண்மீன் என்றும் பிரித்தறிந்தனர். வானக் கணக்கை அறிந்தவரைக் கணியன் என்றனர். அவர்கள் வெறுங்கண்ணால் பார்த்தனர். தொலைநோக்கி வழியாகத் தமிழ் மண்ணில் தொடர்ந்து வானாய்வு நடந்தது சென்னை வானாய்வகம் எழுந்தபின்னரே. அதன் கட்டடம் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்தது. ஆய்வுக் கருவியைத் தாங்க அங்கே நிறுவிய கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அதில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கருவி அசைந்தால் விண்மீனின் இருப்பிடம் பிழைபடும். அதனால்தான் அத்துணைப் பெரிய கல்லை நட்டனர்.

அவ்வாய்வகத்தின் தலைவராக 1861 முதல் பணியாற்றியவர் நார்மன் போக்சன். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் குறுங்கோளை அவ்வாண்டிலேயே சென்னையில் அவர் கண்டார். அதற்கு 'ஆசியா' என்றே பெயரிட்டார். அவருடன் உதவியாளராகப் பணியாற்றியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. இரவுதோறும் விண்மீன்களின் இருப்பிடத்தையும் ஒளியளவையும் அளந்து ஏட்டில் குறிப்பது அவருடைய பணி. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இதனினும் சலிப்பூட்டும் பணி வேறில்லை.

1867-ஆம் ஆண்டு சனவரியில், 'ரெட்டிக்குலம்' என்னும் தென்வான விண்மீன் குழுவில் ஒரு மீனின் ஒளியளவு மாறுவதை அவர் கண்டறிந்தார். அது சென்னையில் தெற்கு அடிவானத்தை ஒட்டியே எழும் மீன். ஐரோப்பாவின் வானாய்வகங்களிலிருந்து காண முடியாத மீன். ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை ஒளி பெருகியும், பின்பு பல நூறு மடங்கு மங்கியும் மாறி வருவது அதன் இயல்பு. முந்தைய ஏட்டுக்கும் தாம் கண்டதற்கும் முரண்பாடு தோன்றியபோது அவர் தம் குறிப்பை முந்தைய ஏட்டுக்கேற்பத் திருத்தியிருந்தால் அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்திராது.

இரகுநாதாச்சாரி 1872-இல் இலண்டன் இராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 திசம்பரில் வெள்ளிக்கோள் கதிரவனைக் குறுக்கே கடந்து செல்லவிருந்தது. அதனைப் பொதுமக்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பி, இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். அறிவியல் தாய்மொழியில் சொல்லப்பட வேண்டும் என்னும் எண்ணம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே செயலாகியிருந்ததை இது காட்டுகிறது.

> தெரிந்து தெளிவோம்
> சென்னை வானாய்வகத்தின் பணிகள் 1899-இல் கோடைக்கானலுக்கு மாறின. சென்னையில் 1866 முதல் பயன்பட்ட 20 செ.மீ. வில்லைத் தொலைநோக்கி பின்னர்க் கோடைக்கானல் வானாய்வகத்தில் இடம்பெற்றது. அதனினும் முந்தைய, 1850-ஆம் ஆண்டைச் சேர்ந்த 15 செ.மீ. தொலைநோக்கி அங்கே கதிரவனைப் படமெடுக்கப் பயன்பட்டு வந்தது. வில்லையைப் பேணினால் கருவிக்கு முதுமை இல்லை.

இருளைத் தேடியவர்

கோடைக்கானல் கதிரவனை ஆராய ஏற்ற இடம். ஆனால் அங்கே இரவுகளில் மேகமும் மூடுபனியும் மிகுதி. 1960-இல் அவ்வாய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற வைணு பாப்பு இதனை உணர்ந்தார். சென்னையில் 1927-இல் பிறந்தவர் அவர். அவருடைய தந்தையார் ஐதராபாத் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, 1949-இல், ஒரு வால்விண்மீனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரானார். அதன் பெயரில் அவருடைய பெயரும் சேர்ந்தது.

விண்மீன்களை ஆராயத் தக்க இருண்ட இடம் ஒன்றை அவர் தேடினார். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்தால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணலாம் என்பது அவர் எண்ணம். தேடல் காவலூரில் முடிந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ளது அவ்விடம். 1960-களின் பிற்பகுதியில் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுடன் பணி தொடங்கிற்று. அது விலைக்கு வாங்கியதன்று, கோடைக்கானலிலேயே செய்தது.

1972-இல் செருமனியின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த 102 செ.மீ. தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பட்டது. இதுவே நம் பாடத்தின் தலைவன். ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் பணியில் உள்ள இக்கருவியைக் காவலூரின் பெருங்கண் என்று அழைப்பது பொருந்தும்.

பாப்புவின் கனவு இதனினும் பெரிது. 234 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று திட்டமிட்டார். ஆடியைத் தேய்த்து மெருகேற்றும் பணி பெங்களூரில் நடந்தது. பணி நிறைவுறுமுன்னரே, 1982-இல், அவர் மறைந்தார். 1986 சனவரி 6 அன்று அத்தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. தாம் வடித்த கண்ணால் அவர் விண்ணைக் காணவில்லை. பிறர் காண்கின்றனர்.

பெருங்கண் பார்க்கும் முறை

தொலைநோக்கி பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி என்றே பலர் எண்ணுகின்றனர். அதன் முதற்பணி அதுவன்று. ஒளியைச் சேர்ப்பதே அதன் முதற்பணி. முற்றத்தில் வைத்த குவளையினும் அகன்ற அண்டாவில் மழைநீர் மிகுதியாகச் சேர்வது போலப் பெரிய ஆடியில் மிகுதியான ஒளி சேரும். 7 மில்லிமீட்டர் துளையுள்ள நம் கண்ணோடு ஒப்பிட்டால், 102 செ.மீ. ஆடி ஏறத்தாழ 21,000 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. வெறுங்கண்ணுக்கு இல்லாததாகத் தோன்றும் விண்மீனும் அதற்குத் தெளிவாகப் புலப்படும்.

அதன் அமைப்பு எளியது. குழாயின் அடியில் பெரிய குழியாடி ஒன்று உள்ளது. கண்ணாடியின் முகப்பில் அலுமினியம் மெல்லிய படலமாகப் பூசப்பட்டுள்ளது. அது பெற்ற ஒளியை மேலேயுள்ள சிறிய ஆடிக்கு அனுப்புகிறது. சிறிய ஆடி அவ்வொளியைத் திருப்பி, பெரிய ஆடியின் நடுவிலுள்ள துளை வழியாகக் கீழே குவிக்கிறது. பூச்சு மங்கினால் அதனைக் கழுவி நீக்கிப் புதிதாகப் பூசுவர்.

பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை மேற்கே நகர்வது போலத் தோன்றும். தொலைநோக்கியும் அதே வேகத்தில் நகர வேண்டும். அதற்காக அதன் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து அமைத்துள்ளனர். குவிமாடமும் அதற்கேற்பத் திரும்பும். மாலையில் அச்சுழல்மாடத்தின் வாயில் திறக்கும்போது எழும் ஓசை, நாளின் வேலை தொடங்கியதை அறிவிக்கும்.

அத்தொலைநோக்கியில் அறிவியலாளர் இன்று கண் வைத்துப் பார்ப்பதில்லை. ஒளியளவை அளக்கும் ஒளிமானி, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானி, படம் பதிக்கும் மின்னணுக் கருவி ஆகியவை கண்ணின் இடத்தைப் பெற்றுள்ளன. ஆயினும் கருவி தருவதை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்வது மனித மனமே. இவ்வுண்மையை 1977-ஆம் ஆண்டின் ஓர் இரவு காட்டியது.

1977 மார்ச்சு 10

அவ்விரவில் யுரேனஸ் கோள் ஒரு மங்கிய விண்மீனுக்கு முன்னே கடந்து செல்லும் என்று வானியலாளர் கணித்திருந்தனர். விண்மீனின் ஒளி எவ்வாறு மறைகிறது என்பதை அளந்தால் கோளின் அளவையும் வளிமண்டலத்தையும் அறியலாம். அமெரிக்க அறிவியலாளர் குழு ஒன்று தொலைநோக்கி பொருத்திய வானூர்தியில் இந்தியப் பெருங்கடலின்மீது பறந்தது. ஆத்திரேலியாவின் பெர்த்து நகரிலும் பார்வையாளர் இருந்தனர். காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்திக் காத்திருந்தனர்.

கோளின் வட்டு விண்மீனைத் தொடாத வேளையிலேயே விண்மீனின் ஒளி திடீரெனக் குன்றியது. சில நொடிகளில் மீண்டது. கணிப்பில் இல்லாத நிகழ்ச்சி அது. மேகக் கீற்று கடந்தது எனலாம். கருவி பழுது எனலாம். அவ்வாறு சொல்லி அப்பதிவை ஒதுக்குவது எளிது. அவர்கள் ஒதுக்கவில்லை. குன்றிய ஒளியைக் குன்றிய ஒளியாகவே பதிவு செய்து, உலகுக்கு அறிவித்தனர்.

அது யுரேனசின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று அவர்கள் முதலில் கருதினர். அக்கருத்து சரியன்று. வானூர்தியிலும் பிற இடங்களிலும் கிடைத்த பதிவுகளை ஒப்பிட்டபோது, கோளின் இருபுறமும் ஒளி குன்றிய இடங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தன. துணைக்கோளாயின் ஒருபுறம் மட்டுமே மறைத்திருக்கும். வளையமாயின் இருபுறமும் மறைக்கும். சனிக்கோளுக்கு மட்டுமே வளையம் உண்டு என்று பல நூற்றாண்டுகளாக இருந்த நம்பிக்கை அன்று முடிந்தது. யுரேனசுக்கும் வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது. காவலூர்ப் பதிவு அதற்குச் சான்றுகளுள் ஒன்றாயிற்று.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. விளக்கம் பிழைத்தது, பதிவு பிழைக்கவில்லை. விளக்கத்தைப் பின்னர் வந்தவர் திருத்த முடிந்தது. பதிவு பொய்யாக இருந்திருந்தால், அதைத் திருத்த எவராலும் இயலாது. அந்த இரவு மீண்டும் வராது.

காவலூரில் பின்னர் நிறுவிய 130 செ.மீ. தொலைநோக்கிக்குப் பட்டாச்சார்யாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

எங்கள் இரவு

ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமையன்று மாணவர்களோடு காவலூருக்குச் சென்றேன். மைசூரிலிருந்து தொடர்வண்டியில் சோலையார்பேட்டையை அடைந்து, ஆலங்காயம் வழியாகப் பேருந்தில் மலையேறினோம். மாலையில் பெரிய தொலைநோக்கிகளைச் சுற்றிப் பார்த்தோம். இருட்டியபின் வருகையாளர்க்கென வைத்திருந்த சிறிய தொலைநோக்கியின் முன் வரிசையில் நின்றோம். கைவிளக்குகளுக்குச் சிவப்புத் தாள் சுற்றியிருந்தோம். அன்று பார்க்கவிருந்தது வியாழன் கோள்.

"வியாழனின் அருகே நான்கு நிலவுகள் தெரியும், அவற்றை வரைந்து வாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஒவ்வொருவராகப் பார்த்துத் திரும்பினர், குறிப்பேட்டில் வரைந்தனர். நான் ஒவ்வொன்றாகப் பார்வையிட்டேன். எல்லா ஏடுகளிலும் நான்கு புள்ளிகள். ஒரு மாணவியின் ஏட்டில் மட்டும் மூன்று.

"ஒன்று விடுபட்டிருக்கிறதே, அம்மா! மீண்டும் பார்த்து வரைந்து வா" என்றேன்.

அவள் மீண்டும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். "மூன்றுதான் தெரிகிறது, ஐயா" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. திருத்துவதற்குக் கையில் எழுதுகோலைப் பிடித்திருந்தாள், ஆனால் திருத்தவில்லை.

அதன்பின்னரே நான் சென்று பார்த்தேன். மூன்றுதான் இருந்தன. நான்காவது கோளுக்குப் பின்னே மறைந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தபோது, அது வியாழனின் விளிம்பை ஒட்டி ஒரு நீர்த்துளி போல வெளிப்பட்டிருந்தது. நான் பாடநூலில் படித்ததைச் சொன்னேன். மற்ற மாணவர் நான் சொன்னதை வரைந்தனர். அவள் ஒருத்தியே வானத்தைப் பார்த்து எழுதினாள்.

1610 சனவரி 7 அன்று கலிலியோ தம் சிறிய தொலைநோக்கியை வியாழனை நோக்கித் திருப்பியபோது முதலில் அவரும் மூன்று புள்ளிகளையே கண்டார், மூன்றையே குறித்தார். நான்காவதை அவர் கண்டது சில நாள்களுக்குப் பின். இதனை அன்றிரவே மாணவர்க்குச் சொன்னேன். அம்மாணவியிடம், "நான் சொன்னது பிழை, நீ எழுதியது சரி" என்றும் சொன்னேன். திரும்பும் வழியில் பலர் தம் ஏட்டில் நான்காம் புள்ளியை அடித்துவிட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினர்.

மாணவர்களே! உங்களுள் எல்லாரும் வானியலாளர் ஆவதில்லை. ஆயினும் ஆய்வுக்கூடத்திலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் ஒரு நாள் உங்கள் கையில் ஒரு குறிப்பேடு இருக்கும். எல்லாரும் நான்கு என்று எழுதும்போது உங்கள் கண்ணுக்கு மூன்று தெரியலாம். அப்போது இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் மூன்றே தெரிந்தால், மூன்று என்றே எழுதுங்கள்.

---

சொல்லும் பொருளும்

- வானாய்வகம் – விண்பொருள்களைக் கருவிகளால் ஆராயும் இடம்
- கற்றூண் – கல்லால் ஆன தூண்
- நாண்மீன் – விண்மீன்
- கோண்மீன் – கோள்
- கணியன் – வானக் கணக்கை அறிந்தவர்
- குழியாடி – உட்புறம் குழிந்த ஆடி
- ஒளிமானி – ஒளியின் அளவை அளக்கும் கருவி
- குன்றுதல் – குறைதல்
- அட்சக்கோடு – நிலநடுக்கோட்டுக்கு இணையாக வரையப்படும் கற்பனைக் கோடு

இலக்கணக் குறிப்பு

- பெருங்கண், சிற்றூர் – பண்புத்தொகைகள்
- சுழல்மாடம் – வினைத்தொகை
- மங்கிய (விண்மீன்) – பெயரெச்சம்
- கோடைக்கானலும் காவலூரும் – எண்ணும்மை
- காணாத (மீன்) – எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

எழுதினாள் = எழுது + இன் + ஆள்
எழுது – பகுதி. இன் – இறந்தகால இடைநிலை. ஆள் – படர்க்கைப் பெண்பால் வினைமுற்று விகுதி.

பார்த்தனர் = பார் + த் + த் + அன் + அர்
பார் – பகுதி; த் – சந்தி; த் – இறந்தகால இடைநிலை; அன் – சாரியை; அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

மதிப்பீடு

*அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.*

1. சிந்தாமணி இரகுநாதாச்சாரி ஒளி மாறும் விண்மீனைக் கண்டறிந்த ஆண்டு
 (அ) 1792 (ஆ) 1867 (இ) 1899 (ஈ) 1972
2. தொலைநோக்கியின் முதற்பணி
 (அ) பொருளைப் பெரிதாக்குதல் (ஆ) படமெடுத்தல் (இ) ஒளியைச் சேர்த்தல் (ஈ) நேரத்தைக் காட்டுதல்
3. 'நாண்மீன்' என்பதைப் பிரித்து எழுதக் கிடைப்பது
 (அ) நாண் + மீன் (ஆ) நாள் + மீன் (இ) நா + மீன் (ஈ) நாண + மீன்
4. கல் + தூண் என்பதைச் சேர்த்து எழுதக் கிடைப்பது
 (அ) கல்தூண் (ஆ) கல்லுதூண் (இ) கற்றூண் (ஈ) கட்டூண்

*ஆ. குறுவினா*

1. மைசூரிலும் காவலூரிலும் ஒரே விண்மீன்கள் தெரிவது ஏன்?
2. வைணு பாப்பு கோடைக்கானலை விட்டு வேறு இடம் தேடியதற்குக் காரணம் யாது?
3. தொலைநோக்கியின் அச்சு சாய்வாக அமைக்கப்படுவது ஏன்?

*இ. சிறுவினா*

1. பெரிய ஆடியில் மிகுதியான ஒளி சேர்வதைப் பாடம் எவ்வுவமையால் விளக்குகிறது? நீங்களும் ஓர் உவமை தருக.
2. "விளக்கம் பிழைத்தது, பதிவு பிழைக்கவில்லை" – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
3. துணைக்கோள் மறைப்பதற்கும் வளையம் மறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் படம் வரைந்து விளக்குக.

*ஈ. நெடுவினா*

இரகுநாதாச்சாரி, காவலூர் அறிவியலாளர், மூன்று புள்ளிகள் வரைந்த மாணவி ஆகியோரிடம் காணப்படும் பொதுப்பண்பை எடுத்துக்காட்டுகளுடன் ஒரு கட்டுரையாக எழுதுக.

கற்பவை கற்றபின்

1. நிலவில்லாத ஓர் இரவில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் பெரியவர் ஒருவர் துணையோடு அரை மணி நேரம் அமருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணுக்குத் தெரிந்த விண்மீன்களை எண்ணி, நாள், நேரம், திசை, வானின் நிலை ஆகியவற்றுடன் எழுதுங்கள். மேகம் மூடியிருந்தால் 'மேகம். ஒன்றும் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அதற்கும் முழு மதிப்பெண் உண்டு.
2. வியாழன் தெரியும் மாதத்தில், இருகண் நோக்கியைச் சுவரிலோ தாங்கியிலோ அசையாமல் வைத்து, அதன் நிலவுகளின் இருப்பிடத்தைத் தொடர்ந்து ஐந்து இரவுகள் வரைக. உங்கள் படத்தை நண்பரின் படத்தோடு ஒப்பிடுவது ஐந்தாம் இரவுக்குப் பின்னரே.